பதிமூன்றாம் வாய்ப்பாடும் கிளிப்பச்சைக் கேபினெட்டும்

சென்னியப்பன் எந்தப் பொருளையும் பார்த்து "நல்லாருக்கு" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. "தப்பில்ல" என்பார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அதுதான். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அந்தச் சொல்லை வாங்கியவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் அவர் கையெழுத்திட்ட தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்கள்.

கோயம்புத்தூர் கேபினெட் தரக்குழுவின் மூத்த மதிப்பீட்டாளர் அவர். கேபினெட் என்றால் துணி வைக்கிற பெட்டி அல்ல, விளையாட்டுக் கம்ப்யூட்டரின் உடற்கூடு. விளையாடுவதே உத்தியோகமாகிவிட்ட காலம் அது. ஊரில் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் ஆடும் ஆட்டத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் மேசைக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருந்த கேபினெட், எழுந்து வந்து ஹாலின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் அதைப் பார்த்தார்கள். வெளித்தோற்றத்துக்கு முதல் தரம் வாங்கிய கேபினெட் உள்ள வீடென்றால் செருப்பைக்கூட ஓரமாக, ஜோடி சேர்த்துக் கழற்றி விட்டார்கள்.

அந்த முதல் தரத்தைக் கொடுக்கிற பேனா சென்னியப்பனிடம் இருந்தது. அவர் வீட்டுக்குச் சாம்பல்காரர் வீடு என்று பெயர். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் இரும்பு பீரோ செய்தது. சாம்பல் நிறம் ஒன்றுதான். பூப்போட்ட பீரோ கிடையாது. கண்ணாடி வைத்த பீரோ கேட்டு வந்தவர்களை, "மொகம் பாக்கறதுக்கு சலூன் இருக்குதுங்க" என்று திருப்பியனுப்பிய பரம்பரை. வீட்டுச் சுவர் சாம்பல். கேட் சாம்பல். கார் சாம்பல். ஃபிரிட்ஜைக் கடையிலிருந்து வெள்ளையாக வாங்கிவந்து, பட்டறையில் கொடுத்துச் சாம்பல் அடித்து வாங்கினார்கள். பளபளப்பு என்பது பிழையை மறைக்கிறவன் செய்கிற வேலை என்பது அந்த வீட்டின் எண்ணம். சென்னியப்பன் அந்த எண்ணத்தை விறைப்பாக முதுகெலும்பில் ஏற்றிக்கொண்டு அறுபத்தெட்டு வயது வரை வளையாமல் நடந்தார்.

அவர் மனைவி ரத்தினா பொள்ளாச்சிக்காரி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாம்பலுக்குள் வந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, ஜன்னல் திரையாவது வேறு கலரில் போடலாமா என்று கேட்டாள். "எதுக்கு?" என்றார் அவர். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவருக்கும் அந்த விஷயம் மறந்துபோயிற்று.

*

ரத்தினாவின் தம்பி நாச்சிமுத்து. பொள்ளாச்சி ரோட்டில் கேபினெட் தொழிற்சாலை வைத்திருந்தவர். மச்சானுக்கு முன்னால் தன் சரக்கைக் கொண்டுவரப் பயந்து, இத்தனை வருஷமும் இரண்டாம் தரத்திலேயே காலம் தள்ளியவர். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, போர்வை சுற்றிய கேபினெட்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தரக்குழு வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், இந்த வாட்டி உங்க வாயால நல்லாருக்குன்னு சொல்ல வெக்காம நான் பொள்ளாச்சி திரும்பறதில்ல."

"அப்ப ரேஷன் கார்டை இங்கயே மாத்திக்க மாப்ள," என்றார் சென்னியப்பன்.

குழுவின் இன்னொரு மதிப்பீட்டாளரான ஃபரீதா சிரித்தபடி போர்வையை விலக்கினாள். அவள் நாற்பத்திரண்டு வயது வடிவமைப்பாளர். வாரத்தில் மூன்று நாள் தானும் போட்டிகளில் ஆடுகிறவள். உள்ளே இருந்தது நிறமே இல்லாத ஒரு பெட்டி. பால் கலந்த தண்ணீர்போல ஏதோ ஒரு மங்கல். முகப்பின் அடியில் உளுந்து அளவில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

"பெயிண்ட் அடிக்க மறந்துட்டியா?"

"அடிக்கவே தேவையில்ல மச்சான். இது இணங்கு தோல். அந்த ரெண்டு புள்ளிதான் கண்ணு. எதிர்ல நிக்கறவரோட கண்ணைப் பாக்கும். மெதுவா ஒவ்வொரு கலரா, ஒவ்வொரு கோலமா மாத்திப் பாக்கும். புடிச்சது வந்தா நம்ம கண்ணுப் பாப்பா துளி விரியும் பாருங்க, அதைப் புடிச்சுக்கும். அந்தப் பக்கமே போகும். அஞ்சு வினாடியில நிக்கறவர் மனசுக்கு எது அழகோ, அதுவா ஆயிடும்."

"ரெண்டு பேர் நின்னா?"

"எவருக்கு ஆசை அதிகமோ அவரு பக்கம் மச்சான். ஒருக்கா பாத்த மொகத்தை மறக்காது."

சென்னியப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆளுக்கு ஆள் மாறுற மூஞ்சிக்கு நான் எந்த மூஞ்சியப் பாத்துத் தரம் போடறது?"

"நானும் அதைத்தான் சார் கேட்டேன்," என்றாள் ஃபரீதா. "அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. இருபது வீட்டுல ஒரு மாசம் வச்சுப் பாத்திருக்காங்க. அறிக்கை படிச்சேன். மூணு வீட்டுல ரெண்டாவது வாரமே போர்வை போட்டு மூடிட்டாங்க."

"ஏன்?"

"ஒரு வீட்டுல அப்பா, பையனுக்கு எல்லாச் சுதந்திரமும் குடுத்திருக்கேன்னு பெருமையா சொல்லிட்டிருந்தவரு. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா எப்பவும் அப்பாவோட காப்பிக் கலர்தானாம். பையன் முகத்தை அது ஒரு நாளும் சட்டை பண்ணல. அப்புறம் அப்பாவே நாலு நாள் ஹாலுக்கு வரல. இன்னொரு வீட்டுல மருமக தனியா நின்னப்ப, அது அவங்க பொறந்த வீட்டுக் கதவு மாதிரியே ஆயிருச்சு. மாமியார் பாத்துட்டாங்க. மனசுக்குள்ள இருக்கிறதை நடு ஹால்ல போட்டு உடைக்குது சார் இது."

"ஒடையட்டுமேம்மா," என்றார் நாச்சிமுத்து. "நாலு வீட்டுல ஒடஞ்சு, அப்புறம் ஒட்டியும் இருக்குது. அதையும் படிச்சீங்களா?"

"படிச்சேன். அதனாலதான் வேண்டாம்னு எழுதாம இருக்கேன்."

சென்னியப்பன் முதலில் கண்ணைச் சோதித்தார். இரண்டு நாள் முழுக்க, நாற்பது பேரை வரவழைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே நிற்கவைத்து, அவர்கள் முன்கூட்டியே தாளில் எழுதி உறையிலிட்ட நிறத்தையும் கேபினெட் காட்டிய நிறத்தையும் ஒப்பிட்டார். நாற்பதுக்கு நாற்பது சரி. "இந்தக் கண் பொய் சொல்லாது" என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு தூரம் வரை அந்தக் கண்ணுக்குத் தெரியும் என்ற கட்டத்தில் மட்டும் நாச்சிமுத்துவின் கம்பெனி சொன்ன ஆறடி அப்படியே பென்சிலில் கிடந்தது. இறுதி அறிக்கைக்கு முன் அளந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பார்வைச் சோதனை. டீலர்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இடம் கறுப்புக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். அவர்கள் பார்க்கலாம், கேபினெட்டுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். ஃபரீதாவும் நாச்சிமுத்துவும் கேபினெட்டின் முதுகுப் பக்கம், திரை வைத்த மேசையில். எதிரே, ஆறடியில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டில் சென்னியப்பன் மட்டும்.

பரிசோதனைப் பதிவேட்டில் "உடனிருந்தோர்" என்ற கட்டத்தில் ஃபரீதா எல்லார் பெயரையும் எழுதினாள். ரத்தினா பெயரை எழுதவில்லை. எழுதுகிற வழக்கமே இல்லை. பார்வைச் சோதனை நாளென்றால் பதினொரு மணிக்கு அவள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். பெஞ்சைப் பதிவேட்டில் எழுதுவார்களா?

முதலில் கைச்சோதனை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, கேபினெட்டின் விளிம்புகள் மேல் இழுத்தார் சென்னியப்பன். ஒரு நூல் மாட்டினாலும் தகட்டில் பிசிறு இருக்கிறதென்று அர்த்தம், அதோடு கதை முடிந்தது. மாட்டவில்லை. மூடியின் இடைவெளியில், இடுக்கு அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தார். நாலு மூலையிலும் ஒரே அளவு. பவர் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். விரல் தானாகப் போய் அதில் விழுந்தது. தூசி வலையைக் கழற்றினார், மாட்டினார். சத்தமில்லை.

"மாப்ள, இதெல்லாம் நீதான் பண்ணுனயா, வெளிய குடுத்தயா?"

"உங்களுக்குப் பயந்துட்டே பண்ணுனது மச்சான். முப்பது வருசப் பயம்."

பிறகு மஞ்சள் கோட்டில் போய் நின்றார். நிமிர்ந்து, இமைக்காமல், ஒரு முழு நிமிஷம் பார்ப்பது அவர் வழக்கம். கேபினெட் என்ன ஆகப்போகிறது என்பதில் அங்கிருந்த ஒருவருக்கும் சந்தேகமில்லை. டீலர்களில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "சாம்பல்காரருக்கு வேற என்ன காட்டும், சாம்பல்தான்" என்று சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கேட்டது. சென்னியப்பனின் மீசை லேசாக உயர்ந்தது.

ஃபரீதா பொத்தானை அழுத்தினாள்.

மங்கலுக்குள் ஏதோ கலங்கியது. ஒரு நீலம் வந்து போயிற்று. ஒரு மஞ்சள். அப்புறம் கிளிப்பச்சை. பச்சை வந்த இடத்தில் நின்றது. நின்றதோடு விடாமல் இன்னும் கொஞ்சம் பச்சையாயிற்று. ஓரம் முழுக்கச் செவ்வந்திப்பூ நிறத்தில் ஒரு கரை ஓடியது. கரைக்குள் கடுகு கடுகாகப் பொன்புள்ளிகள் வரிசை கட்டி நடந்தன. மேல்விளிம்பிலிருந்து ஒளியாலான குஞ்சங்கள் ஒவ்வொன்றாக இறங்கி, தேர்ச்சீலைபோல ஆடின.

ஒலிபெருக்கியில் யாரோ இருமலாக மாற்றப் பார்த்த சிரிப்பு கேட்டது.

சென்னியப்பனுக்குக் காது சுட்டது. இது யாருடைய ஆசை? தனக்குள் இப்படி ஒருவன் குஞ்சம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானா? அவனை உடனே வெளியே தள்ளியாக வேண்டும் என்று தோன்றியது. மனசை வேறு பக்கம் திருப்ப, பள்ளிக்கூடத்தில் தனக்கு வராத பதிமூன்றாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார். ஓர் பதிமூன்று பதிமூன்று. ஈர் பதிமூன்று இருபத்தாறு. மூன்று பதிமூன்று முப்பத்தொன்பது...

சட்டென்று கேபினெட் சாம்பலாயிற்று. சுத்தமான சாம்பல்.

அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் மறுபடி பச்சை. குஞ்சம் இன்னும் உற்சாகமாக ஆடியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறு பதிமூன்று எழுபத்தெட்டு என்றார் உள்ளுக்குள். மறுபடி ஒரு கணம் சாம்பல். மறுபடி பச்சை. ஒன்பது பதிமூன்று நூற்றுப் பதினேழுக்கு இன்னொரு தடவை. மூன்று தடவை ஜெயித்தார், மூன்று தடவையும் தோற்றார்.

"நேரம் முடிஞ்சுது சார்," என்றாள் ஃபரீதா. அவள் முன்னால் இருந்த திரையில் படம் கிடையாது, விருப்ப அளவு மட்டும்தான் வரும். "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. நாப்பது பேர்ல யாருக்கும் இவ்வளவு வரல."

நாச்சிமுத்து எழுந்து வந்தார். சிரிக்கத்தான் வந்தார். மச்சான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, "மச்சான், சங்கடமா இருந்தா பழுதுன்னு எழுதிருங்க. நான் எடுத்துட்டுப் போயி ஒரு மாசத்துல திருத்திக் கொண்டாறேன். ஒண்ணும் மோசமில்ல," என்றார்.

"ஆமா சார். பழுதுன்னு எழுதினா மறுசோதனைதான். யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க," என்றாள் ஃபரீதா.

அவர் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அதுதான் சங்கடம். சாம்பல்காரர் வீட்டுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று நிறத்தால் வந்தது. இன்னொன்று கையெழுத்தால் வந்தது. "இந்தக் கண் பொய் சொல்லாது" என்று எழுதிய தாளில் மை காய்ந்து ஒரு நாள்தான் ஆகிறது. இப்போது அது பழுது என்றால் அந்தக் கையெழுத்து பொய். பழுதில்லை என்றால் மூன்று தலைமுறைச் சாம்பல் பொய். இரண்டையும் காப்பாற்ற வழியில்லை. அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, டீலர்களுக்குக் கேட்கும்படி மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எந்திரத்துல பழுது இல்ல. அது காட்டுனது சரி. எனக்குக் கிளிப்பச்சை புடிச்சிருக்குது." ஒரு கணம் நிறுத்தி, நேர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக, "குஞ்சம் உட்பட," என்றார்.

இந்தத் தடவை ஒலிபெருக்கியில் வந்த சிரிப்பை யாரும் இருமலாக்கவில்லை.

"ஆனா ஒரு நிபந்தனை. இந்தக் கண்ணுக்கு இமை வெக்கணும். தகட்டுல, கையால தள்ளித் தொறக்கற மாதிரி. பாக்கட்டும்னு மனுசன் நெனைச்சாத்தான் அது பாக்கணும். இன்னிக்கு எனக்கு இமை இல்லாமப் போச்சு. நாளைக்கு எவனோட வீட்டு நடு ஹால்லயும் அப்படி ஆகக் கூடாது. இமையோட வந்தா முதல் தரம்."

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மச்சினன் என்ற பதவியை அவர் விடவில்லை. "அப்ப தப்பில்லங்கறீங்களா மச்சான்?"

"தப்பில்ல."

"நான் ரேஷன் கார்டு மாத்தோணுமா?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "நல்லாருக்குடா, போ."

கதவோரப் பெஞ்சில் ரத்தினா சாப்பாட்டுக் கூடையின் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

*

காரில் வீடு திரும்பினார்கள். சிங்காநல்லூர் தாண்டியதும் ரத்தினா மெல்ல ஆரம்பித்தாள்.

"கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கோணும்னு சொல்லிட்டிருந்தீங்க."

"ம்."

"சாம்பல்தானுங்களா?"

மைக்கில் சொன்னதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சொல் ஒரு பக்கம், கேட் ஒரு பக்கம் என்று இருக்க முடியுமா? "பச்சை," என்றார் சாலையைப் பார்த்தபடி.

"செரீங்க," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவர் தரக்குழுவில் இருந்தார். அடுத்தவன் அளந்த அளவுக்குக் கீழே கையெழுத்துப் போடும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. பென்சிலில் கிடந்த ஆறடியை அளக்க டேப்போடு வந்திருந்தார். ஒருவரும் இல்லை. கேபினெட்டை இயக்கிவிட்டு மஞ்சள் கோட்டில் நின்றார்.

நாலே வினாடியில் கேபினெட் சாம்பலாயிற்று.

தன் கண்ணையே நம்பாமல் கிட்டே போனார். வெறும் சாம்பல் அல்ல. பாட்டனார் பட்டறையின் சாம்பல். பிரஷ் இழுத்த மெல்லிய கோடு உட்பட அப்படியே இருந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கவில்லை, அந்த வீட்டில் அது பழக்கமில்லை. மூக்கை மட்டும் சிந்திக்கொண்டார். நேற்று ஏதோ பிசகு. தான் தானாகத்தான் இருக்கிறோம்! உடனே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, டீலர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு... போனைக் கையில் எடுத்தார்.

அப்போது அவர் கண்ணெதிரிலேயே கேபினெட் பச்சையாயிற்று. செவ்வந்திக் கரை ஓடியது. குஞ்சங்கள் இறங்கின.

"ஏனுங்க, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரத்தினா கதவில் நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் நீட்டியபடியே கேபினெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் துளி திறந்திருந்தது. புருவம் ஏறியிருந்தது. அறுபத்துமூன்று வயது முகத்தில், ஜவுளிக்கடையில் பட்டுப்புடவையை விரித்துப் போடும்போது முன்வரிசையில் இடம் கிடைத்துவிட்டவளின் சந்தோஷம். இந்த முகத்தை அவருக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக ஒரே கூரைக்குள் இருந்தும் தெரியாது.

"பாத்தீங்களா, உங்களைக் கண்டதும் எப்படிப் பூத்துப்போச்சு," என்றாள் அவள்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். "அங்கயே சித்த நில்லு," என்று சொல்லிவிட்டு டேப்பை இழுத்தார். கேபினெட்டிலிருந்து கதவு இருபத்தோரு அடி. கதவோரப் பெஞ்சு பதினேழு அடி.

டேப் சுருண்டு உள்ளே போகும் சத்தத்தில் அவர் நின்றார். நேற்றுப் பச்சை யாருடையது என்பது இப்போது விளங்கிவிட்டது. ஒரு போன் போட்டால் மூன்று தலைமுறைச் சாம்பல் மீண்டும் எழுந்து நிற்கும். கூடவே இன்னொன்றும் எழுந்து நிற்கும். சாம்பல்காரர் வீட்டுப் பெண்பிள்ளை நாற்பது வருஷம் தொண்ணூற்று நாலு அளவுக்கு ஆசையை மடியில் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், புருஷன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று ஏழு டீலர்களும் ஏழு ஊரில் பேசுவார்கள். எந்த மானத்தைக் காப்பாற்றுவது? அதுவும் போக, எனக்குப் பச்சை பிடித்திருக்கிறது என்று மைக்கில் சொல்லியாயிற்று. சொன்னதை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை.

"என்னத்தை அளக்கறீங்க?" என்று கேட்டாள் ரத்தினா.

"தூரத்தை," என்றார் அவர். "பெயிண்டர் எத்தனை மணிக்கு வர்றான்?"

"பத்துக்கு."

"கேட்டோட விட வேண்டாம். செவுத்தையும் பாக்கச் சொல்லு."

மத்தியானம் ஃபரீதா அறிக்கையைப் படித்தாள். படித்த பக்கத்தையே மறுபடி படித்தாள். அறிக்கையோடு வைத்திருந்த பரிசோதனைப் பதிவேட்டில் "உடனிருந்தோர்" கட்டத்தில், அவள் எழுதிய பெயர்களுக்குக் கீழே சென்னியப்பனின் நெட்டுக்குத்தான கையெழுத்தில் ஒரு பெயர் கூடியிருந்தது. ரத்தினா, பார்வையாளர் பெஞ்சு, பதினேழு அடி.

"சார்," என்றாள் மெதுவாக. "கண்ணுக்கு இருபத்தோரு அடி தெரியும்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா நேத்து..."

"அளவு சரியா இருக்குதா?"

"இருக்கு சார்."

"கையெழுத்துப் போடு."

"டீலருங்களுக்கு இதைச் சொல்லணுமா?"

"அறிக்கையில இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்."

"அறிக்கையை யாரும் படிக்க மாட்டாங்க சார். தரம் மட்டும்தான் பாப்பாங்க."

"அது என் குத்தமில்ல," என்றார் சென்னியப்பன். நேர்மைக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் நுழையாத அளவுக்கு ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஃபரீதா கையெழுத்துப் போட்டாள். போகும்போது கதவோரம் நின்று, சாப்பாட்டுக் கூடையோடு பெஞ்சில் இருந்த ரத்தினாவிடம், "இன்னிக்கு என்ன கொழம்பும்மா?" என்று கேட்டாள். அந்தப் பெஞ்சைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

*

ஆறு மாதத்தில் இமை வைத்த கேபினெட் ஊரெல்லாம் போயிற்று. காலையில் பூஜை முடிந்து இமையைத் திறக்கிற வீடுகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற வீடுகளும் உண்டு. இமையைத் திறப்போமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு, அதற்குள் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருப்பதை எல்லாம் பேசி முடித்துவிடுகிற வீடுகள்தான் அதிகம் என்று நாச்சிமுத்து சொல்லித் திரிந்தார்.

சாம்பல்காரர் வீடு கிளிப்பச்சையாக இருந்தது. தபால்காரர் இரண்டு நாள் வாசல் வரை வந்து திரும்பிப் போனார். சொந்தக்காரர்கள் பச்சைச் சால்வைகளாகப் போர்த்தித் தள்ளினார்கள். சென்னியப்பன் அவற்றை விறைப்பாகப் போர்த்திக்கொண்டு உலாவினார். ஹாலின் நடுவில் புதுக் கேபினெட். நிறுவனம் அனுப்பிவைக்கிறோம் என்றதை மறுத்து, கடையில் வரிசையில் நின்று வாங்கியது.

இமையை அவர் ரத்தினா பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே திறந்தார். தனியாக இருக்கும்போது திறப்பதில்லை. சாம்பல் வந்துவிடும், அவள் எதேச்சையாக உள்ளே நுழைந்துவிட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு மாலை, அவள் காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கேபினெட்டில் குஞ்சங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அன்னிக்குப் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப, அந்தப் பச்சையப் பாத்ததும் எனக்கு வெடுக்குன்னு ஆயிருச்சு. இது நம்ம மனசுல இருக்கறதாச்சே, அங்க எப்படிப் போச்சுன்னு. கண்ணை இறுக்கி மூடி, ஒரு மயிரிழை மட்டும் தொறந்து பாத்தனுங்க. சாம்பலா இருந்துச்சு. நல்லாத் தொறந்தேன். பச்சையாயிருச்சு. சந்தேகம் போகல. இன்னும் ரெண்டு தடவ பாத்தேன்."

சென்னியப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆக மொத்தம் மூணு தடவை."

"மூணு தடவைங்க."

"அப்ப பதிமூணாம் வாய்ப்பாடு?"

"என்ன வாய்ப்பாடுங்க?"

"ஒண்ணுமில்ல." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்பவே தெரிஞ்சுருக்குது. ஏன் சொல்லல?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க மைக்கப் புடிச்சுட்டீங்களே. சாம்பல்காரர் வீட்டு மனுசர் நாலு பேர் முன்னால சொன்ன சொல்ல, பெஞ்சுல உக்காந்திருக்கறவ மறுத்துப் பேசுனா வீட்டு கௌரவம் என்னாகறதுங்க?" அவள் முகத்தை வெகு மரியாதையாக வைத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் சிரித்தது. "அதுக்கு மேல நீங்களே கேட்டுக்குப் பச்சைன்னு சொல்லிட்டீங்க. நான் எதுக்குக் கெடுக்கோணும்?"

அவர் கேபினெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம் அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சென்னியப்பன் சிரிப்பதைப் பார்த்தவர்கள் அந்த ஊரில் பதினோரு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சித்த கண்ணை மூடு ரத்தினா."

"எதுக்குங்க?"

"மூடேன். இந்த வாட்டி மயிரிழையெல்லாம் வேண்டாம்."

அவள் மூடினாள். கேபினெட்டில் குஞ்சங்கள் மறைந்தன. பொன்புள்ளிகள் நின்றன. மேலிருந்து கீழாகச் சாம்பல் இறங்கியது, பாட்டனார் பட்டறையின் அதே சாம்பல். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடிவிளிம்பில், சாம்பல் வந்து முடிகிற இடத்தில், ஒரு கிளிப்பச்சைக் கோடு போகாமல் நின்றது.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தரையில் ஒரு முழங்காலை ஊன்றினார். ரத்தினா கண்ணை மூடியேதான் இருந்தாள். திருட்டுத்தனம் இல்லை. சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தார். ஒரு நூல் அகலம் இருந்தது. கூடுதலாகவும் இருக்கலாம்.

"தொறக்கலாமுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இரு," என்றார் சென்னியப்பன். "அளந்துக்கறேன்."